ஆற்றோரம் ஐந்து நாள்: வாசகர் கேள்விகளும் டீச்சர் பதில்களும்

சென்ற இதழில் பிரான்சின் தென்மேற்கில் ஓடும் தோர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதியிருந்தேன். மகள் குடும்பம் அந்த ஆற்றங்கரை ஊரான பெர்ஜராக்கில் குடியிருப்பதால், பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கோடையில் அங்கே போய்த் தங்குவது வழக்கமாகிவிட்டது. கட்டுரையைப் படித்த வடசென்னை வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சிலர் ராயபுரம் கல்மண்டபம் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் பயன்படும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டீச்சர் அம்மா, எங்கள் திருமண நாளை ஒட்டி நானும் கணவரும் ஐரோப்பா போகிறோம். ஒரு சுற்றுலா நிறுவனம் ஏழு நாள் திட்டம் கொடுத்திருக்கிறது. பாரிஸ், லுவார் ஆற்று அரண்மனைகள், நீங்கள் எழுதிய பள்ளத்தாக்கு, லூர்து என எல்லாம் அதில் இருக்கின்றன. பள்ளத்தாக்குக்கு ஒரு பகல். போதுமா?
– திருவொற்றியூர் வாசகி

போதாது, அம்மா. அந்தத் திட்டத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பாரிசிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கின் சர்லா நகரத்துக்குச் சாலை வழியில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து லூர்து இன்னும் முந்நூறுக்கு மேல். ஒரு பகல் என்று அவர்கள் எழுதியிருப்பதில் பாதி, பஸ் ஜன்னலிலேயே கழிந்துவிடும்.

தோர்தோன் ஆறு பிரான்சின் நடு மலைத்தொகுதியில் பூய் த சான்சி என்ற மலையில் பிறந்து, ஏறத்தாழ 480 கிலோமீட்டர் மேற்கே ஓடி, போர்தோ நகருக்கு வடக்கே கரோன் ஆற்றுடன் சேர்ந்து ஜிரோந்த் முகத்துவாரமாகிறது. இதன் படுகை முழுவதையும் 2012-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நீங்கள் பார்க்க வேண்டியது அதன் நடுப்பகுதி. சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஆறு வளைந்து வளைந்து போகும் இடம். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கோட்டையோ, பாறையோடு ஒட்டிய ஒரு கிராமமோ இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் வெசேர் என்ற துணையாறு லிமய் கிராமத்தில் இதனுடன் கலக்கிறது. வரலாற்றுக்கு முந்தைய குகைகள் இருப்பது அந்த வெசேர் கரையில்.

சர்லாவில் ஐந்து இரவு தங்குங்கள். ஆற்றங்கரைக் கோட்டைகள் பத்துக் கிலோமீட்டர் தொலைவில். குகைகள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில். காலையில் ஓரிடம், மாலையில் ஆறு. அவ்வளவுதான் என் திட்டம். சர்லாவே நாள் முழுக்க நடந்து பார்க்கத் தகுந்த ஊர். பழைய நகரப் பகுதிகளை மொத்தமாகக் காக்கும் சட்டத்தை 1962-ல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ கொண்டுவந்தார். அதன்படி முதலில் சீரமைக்கப்பட்ட ஊர்களில் இது ஒன்று. தேன்நிறக் கல் வீடுகள், கல் ஓடு வேய்ந்த கூரைகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும் சந்துகள். வீடுகள் காட்சிக்காக நிற்கவில்லை. உள்ளே குடும்பங்கள் இருக்கின்றன, மாடியில் துணி காய்கிறது. இங்கே ராயபுரத்தில் 1856-ல் திறந்த ரயில் நிலையக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். ஒரு பழைய கட்டடத்தைப் புழக்கத்தில் வைத்தே காப்பாற்றும் ஊர்களைக் கண்டால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

லுவார் அரண்மனைகளை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாரிசில் இரண்டு நாள், இங்கே ஐந்து நாள். இதற்கு மேல் ஒரு வாரத்தில் திணிக்க எதுவும் இல்லை.

எந்த மாதம் போவது நல்லது?
– கொருக்குப்பேட்டை வாசகர்

மே கடைசியிலிருந்து ஜூன் முடிய, அல்லது செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் விடுமுறையில் இருப்பதால் வாடகையும் கூட்டமும் அதிகம். குளிர்காலத்தில் பல இடங்களைப் பூட்டிவிடுவார்கள். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் பாரம்பரிய நாள்கள் வருகின்றன. மற்ற நாளில் திறக்காத சில பழைய கட்டடங்களையும் அன்று திறந்து காட்டுவார்கள்.

டீச்சர், நான் கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். லாஸ்கோ குகையில் இப்போது காட்டுவது நகல் மட்டுமே என்று கேள்விப்பட்டேன். நகலைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போவது?
– வியாசர்பாடி மாணவர்

தம்பி, போக வேண்டும் என்பதே என் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1940 செப்டம்பர் 12-ஆம் தேதி, மோந்தின்யாக் என்ற சிற்றூருக்கு மேலே உள்ள காட்டில், பதின்வயதுப் பையன்கள் நான்கு பேர் ஒரு பள்ளத்தைத் தோண்டிப் பெரிதாக்கி உள்ளே இறங்கினார்கள். நாட்டின் பாதி ஜெர்மானியப் படையின் கையில் இருந்த நேரம் அது. மார்செல் ரவிதா முதலில் இறங்கினார். நால்வரில் ஒருவரான சிமோன் கோயன்காஸ், பாரிசிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பத்துப் பையன். அவருடைய பெற்றோர் பின்னர் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்கள். இன்னொருவர் ஜாக் மார்சால், அப்போது பதினான்கு வயதுக்காரர். குகை வாசலில் கூடாரம் போட்டுக் காவல் இருந்தார், பின்னாளில் வழிகாட்டியானார். வாழ்நாள் முழுவதையும் அந்தக் குகையோடு கழித்து 1989-ல் இறந்தார்.

உள்ளே அவர்கள் கண்டது சுமார் 17,000 ஆண்டுக்கு முந்தைய ஓவியங்கள். அதைவிடப் பழையவை என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. காளைகள், குதிரைகள், மான்கள். ஒரு காளை மட்டும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். சிவப்பும் மஞ்சளும் காவிக் கல்லிலிருந்து, கறுப்பு மாங்கனீசுத் தாதிலிருந்து. கொழுப்பு ஊற்றி எரித்த கல் விளக்கின் வெளிச்சத்தில் வரைந்திருக்கிறார்கள். வரலாறு படிக்கும் உங்களுக்கு ஒரு செய்தி: குகையில் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை பனிமானுடையவை. அவர்கள் உண்டது அதைத்தான். ஆனால் சுவரில் பனிமான் உருவம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே உணவுக்காக வேண்டி வரைந்தார்கள் என்ற எளிய விளக்கம் இங்கே செல்லுபடியாகாது. பிறகு எதற்காக வரைந்தார்கள்? அதை நீங்கள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று யோசிக்க வேண்டும்.

1948-ல் குகையைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சில ஆண்டுகளில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் வரத் தொடங்கினார்கள். அத்தனை பேர் விட்ட மூச்சிலிருந்த கரியமில வாயு, ஈரம், உடற்சூடு, மேலே விளக்குகள். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டுச் சுவர் போல, பல்லாயிரம் ஆண்டு மாறாமல் இருந்த சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. ஓவியங்களின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவமும் கட்டத் தொடங்கியது. 1963-ல் அதே மால்ரோ குகையை மூட உத்தரவிட்டார். பணம் கொட்டிக்கொண்டிருந்த இடம் அது. அந்த வருமானத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கதவைப் பூட்டிய துணிச்சலை வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் என் குரல் உயர்ந்துவிடும்.

1983-ல் குகையின் ஒரு பகுதிக்கு நகல் செய்தார்கள். 2016 டிசம்பரில், குன்றின் அடிவாரத்தில், நான்காவது லாஸ்கோ என்று அழைக்கப்படும் பெரிய நகலைத் திறந்தார்கள். சுவரின் மேடுபள்ளங்களை அளந்து, அதே வடிவில் சுவர் அமைத்து, ஓவியர்கள் கையால் தீட்டியது. பாறையின் புடைப்பை மாட்டின் வயிறாகவும் விளிம்பை முதுகாகவும் அந்தப் பழைய ஓவியர்கள் பயன்படுத்தியதை அங்கே கண்ணால் பார்க்கலாம். எந்தப் புத்தகப் படத்திலும் அது தெரியாது.

அசலும் பார்க்க வேண்டும் என்றால் வழி இருக்கிறது. லெசேசி ஊரில் ஃபோன்-த-கோம் குகை. பலவண்ண அசல் ஓவியங்களை இன்னும் மக்கள் பார்க்க முடிகிற மிகச் சில குகைகளில் ஒன்று. சிறு குழுக்களாகத்தான் உள்ளே விடுவார்கள். முன்பதிவு இல்லாமல் நம்பிப் போகாதீர்கள். உள்ளே ஓர் ஆண் பனிமான் குனிந்து நின்று, எதிரே மண்டியிட்ட பெண்மானின் நெற்றியை நக்குகிறது. வழிகாட்டி விளக்கைச் சாய்த்துக் காட்டினால்தான் கோடு புலப்படும். 1901-ல் இந்த ஓவியங்களை அடையாளம் கண்டவர் தெனி பேரோனி, அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். லெசேசியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு வித்திட்டவரும் அவரே. ஒரு கிராமத்து வாத்தியார் தன் ஊரைச் சுற்றி நடந்து பார்த்ததால் உலகத்துக்குக் கிடைத்தவை இவை.

மூன்றாவதாக ரூஃபின்யாக். குகைக்குள் சிறிய மின்சார ரயிலில் அழைத்துப் போகிறார்கள். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மாமூத் யானைகளைக் கறுப்புக் கோட்டாலும் கீறலாலும் வரைந்திருக்கிறார்கள். கடைசியில் வரும் பெரிய விதானத்தில் இருப்பவற்றைப் படுத்துக்கொண்டே வரைந்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் தரைக்கும் கூரைக்கும் இடைவெளி ஒரு மீட்டர் அளவே. சுவர்களில் குகைக் கரடிகளின் நகக் கீறல்களும் உண்டு.

மூன்றையும் பாருங்கள். நகல் முதலில், அசல் பிறகு. நகலில் நின்று நிதானமாகக் கற்றுக்கொண்ட கண், அசலில் கிடைக்கும் சில நிமிடங்களை வீணாக்காது. குகைக்குள் கோடையிலும் குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள். படம் எடுக்க அனுமதி இல்லை.

நாங்கள் அண்ணன் தம்பிகள் மூவர். சின்ன வயதிலிருந்தே கடலில் போய் வந்தவர்கள். மூத்தவர் இப்போது பிரான்சில் வேலை செய்கிறார். ஆற்றில் துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு அதில் சுவாரசியம் இருக்குமா? லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டுமா?
– காசிமேடு வாசகர்

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். போட்டே ஆக வேண்டும். கடல் தெரிந்தவனுக்கு ஆறு தெரியும் என்று நினைக்கக் கூடாது. பாலத் தூண்களை ஒட்டி நீர் சுழலும், விழுந்த மரம் நீருக்கடியில் கிடக்கும். ஆற்றின் மேல்பகுதியில் பல மின்சார அணைகள் இருக்கின்றன. அங்கே திறந்து மூடுவதைப் பொறுத்து நீர்மட்டம் மாறும். ஆகஸ்டில் சில இடங்களில் படகின் அடி கூழாங்கல்லில் உரசும் அளவுக்குத் தண்ணீர் குறைந்துவிடுவதும் உண்டு. படகு தருபவர் சொல்லும் பாதையை அப்படியே கேட்டு நடங்கள். நீந்தத் தெரியாதவரைப் படகில் ஏற்றாதீர்கள்.

சுவாரசியம் இருக்குமா என்று கேட்டீர்கள். அந்தப் பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கு ஆற்றைவிட நல்ல இடம் வேறில்லை. சாலையிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனி. தண்ணீரில் இருந்து பார்த்தால்தான் அவை ஏன் அங்கே இருக்கின்றன என்பது விளங்கும். இது அந்தக் காலத்தின் நெடுஞ்சாலை. போகும் வரும் சரக்கைக் கண்காணிக்க மேலே ஆள் நின்றார்கள்.

செனாக் அல்லது வித்ராக் கரையில் படகெடுத்துப் பேனாக் வரை வாருங்கள். செனாக்கிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர், நிதானமாக வந்தால் அரைப்பொழுது. நீரோட்டத்தோடு போவதால் கை அதிகம் வலிக்காது. முதலில் லா ரோக் காஜாக் வரும். வீடுகளின் முதுகு செங்குத்துப் பாறையில் ஒட்டியிருக்கும், முகம் ஆற்றைப் பார்த்திருக்கும். தெற்கு வெயில் பாறையில் பட்டுத் தங்குவதால் அங்கே வாழையும் பனை வகைகளும் வளர்கின்றன. அந்தப் பாறைதான் 1957-ல் இடிந்து விழுந்து சில வீடுகளை நசுக்கி உயிர்ப்பலி வாங்கியது. பிறகு இடது கரையில் காஸ்தெல்நோ கோட்டை, வலது கரையில் பேனாக் கோட்டை. ஆற்று நடுவில் சரளைக்கல் திட்டுகள் இருக்கும். அங்கே படகை இழுத்துப் போட்டுச் சாப்பிடலாம். சாப்பாட்டையும் கைப்பேசியையும் வைக்க நீர் புகாத சிறிய பீப்பாய் கொடுப்பார்கள். முடியும் இடத்தில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், அல்லது முதலிலேயே வேனில் மேல்பகுதிக்குக் கொண்டுபோய் விடுவார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை இதைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த ஆற்றுப் படகுக்காரர்களின் கதை. கபார் என்ற தட்டையான அடிப்பகுதி கொண்ட மரப்படகுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இங்கே ஓடின. மேட்டுக் காடுகளில் வெட்டிய ஓக் பலகையும், திராட்சைக் கொடிக்கு ஊன்றும் கழிகளும் ஏற்றி, வெள்ளம் வரும் பருவத்துக்காகக் காத்திருந்து, போர்தோ பக்கத்து மது வணிகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மேல்பகுதியிலிருந்து வந்த பல படகுகள் திரும்பிப் போகவில்லை. எதிர்நீரோட்டத்தில் இழுத்துப் போவது கட்டாது. எனவே சரக்கோடு படகையும் உடைத்து மரமாக விற்றுவிட்டு, அந்த ஆட்கள் கால்நடையாக ஊர் திரும்பினார்கள். ரயில் வந்ததும் அந்தத் தொழில் முடிந்தது. இப்போது லா ரோக் காஜாக்கில் அதே வடிவப் படகுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறார்கள். துடுப்புப் போட விரும்பாத உங்கள் வீட்டுப் பெரியவர்களை அதில் ஏற்றிவிடுங்கள். பலகை வைத்துப் படகு கட்டுவதை வீட்டிலேயே பார்த்த நீங்கள், மற்ற பயணிகள் பார்க்காததை எல்லாம் அந்தப் படகுகளில் பார்ப்பீர்கள்.

ஹலால் உணவு கிடைக்குமா? என் மனைவியின் தோழி சைவம். அவருக்கு என்ன வழி?
– மண்ணடி வாசகர்

ஐயா, நேராகச் சொல்கிறேன். கிராமத்து உணவகங்களில் ஹலால் இறைச்சியை எதிர்பார்க்காதீர்கள். அந்த வட்டாரமே வாத்துக்கும் வாத்துக் கல்லீரலுக்கும் பேர்போனது. சைவம் சாப்பிடுகிறவர் குறிப்பாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்லா உருளைக்கிழங்கு என்று பட்டியலில் இருப்பதைப் பார்த்து, உருளைதானே என்று வாங்கிவிட வேண்டாம். வாத்துக் கொழுப்பில் வறுப்பதுதான் அதன் முறை. சூப்பிலும் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கும். கேட்டு வாங்குங்கள்.

விடுதி அறைக்குப் பதில் சமையலறையோடு கூடிய கிராமத்து வீட்டை வாடகைக்கு எடுங்கள். ஜீத் என்று கேட்டால் காட்டுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை, வாரக் கணக்கில்தான் விடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். பிறகு சந்தைக்குப் போங்கள். சர்லாவில் புதனும் சனியும், லெ பியூகில் செவ்வாய், சென் சிப்ரியனில் ஞாயிறு. மீன், முட்டை, தக்காளி, ஸ்ட்ராபெர்ரி, அக்ரூட் எல்லாம் கிடைக்கும். அக்ரூட் போட்டுச் செய்யும் கேக் அந்த ஊரின் பெருமை, பட்டியலில் பார்த்தால் விடாதீர்கள். மிளகாய்த் தூளும் சாம்பார்ப் பொடியும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் உணவகத்தில் அடுப்பை அணைத்திருப்பார்கள். இரவு ஏழு வரை எதுவும் கிடைக்காது.

குழந்தைகள் இருவர், எட்டும் பதினொன்றும் வயது. எந்தக் கோட்டைக்குக் கூட்டிப்போவது?
– கொடுங்கையூர் வாசகி

காஸ்தெல்நோ. யோசிக்கவே வேண்டாம். அது இப்போது இடைக்காலப் போர்முறை அருங்காட்சியகம். கல்லெறியும் பெரிய மரப்பொறிகளை அசல் அளவில் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கோடையில் இயக்கியும் காட்டுவார்கள். அதன் முற்றத்தில் நின்றால் எதிரே ஆற்றுக்கு அப்பால், 150 மீட்டர் உயரப் பாறை முனையில் பேனாக் கோட்டை தெரியும். 1337 முதல் 1453 வரை பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போரில், காஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம், பேனாக் பிரெஞ்சு அரசர் பக்கம். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையே ஆறுதான் எல்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக வரும் போர், இங்கே பிள்ளைகளுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும். பெர்ஜராக்குக்கு மேற்கே, இதே ஆற்றங்கரையில் காஸ்தியோன் என்ற இடத்தில், 1453 ஜூலை 17 அன்று பிரெஞ்சுப் பீரங்கிகள் ஆங்கிலத் தளபதி டால்பட்டின் படையை நொறுக்கியதோடு அந்தப் போர் முடிந்தது. தென்மேற்குப் பிரான்சில் ஆங்கிலேயர் மூன்று நூற்றாண்டாக வைத்திருந்த அக்கித்தேன் நாடு அவர்கள் கையை விட்டுப் போயிற்று.

பெரிய பிள்ளைக்குத் தோம் ஊரையும் காட்டுங்கள். 1281-ல் அரசர் மூன்றாம் பிலிப் குன்றின் மேல் கட்டிய மதில் நகரம். அதன் கோபுர வாயிலில் 1307 முதல் 1318 வரை சிறைவைக்கப்பட்ட டெம்ப்ளர் வீரத்துறவிகள் சுவரில் கீறிய உருவங்கள் இன்னும் இருக்கின்றன. மிலாந்த் மாளிகையையும் விடாதீர்கள். அமெரிக்காவில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, பாரிசில் ஆடிப் பாடிப் புகழ்பெற்று, இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு விடுதலை இயக்கத்துக்கு உளவு வேலை செய்த ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்த வீடு. வெவ்வேறு நாடுகளில் பிறந்த பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து அங்கே ஒரே குடும்பமாக வளர்த்தார். கடனில் அந்த வீட்டை இழந்தார். 2021-ல் பிரான்ஸ் அவரைப் பாரிசில் நாட்டின் பெரியோர்களுக்கான நினைவிடமான பாந்தியோனில் வைத்துக் கௌரவித்தது. கழுகு, வல்லூறுகளைப் பறக்கவிட்டுக் காட்டும் நிகழ்ச்சியும் அங்கே உண்டு. பிள்ளைகள் அதற்காக வருவார்கள், அந்த அம்மாளின் கதையோடு திரும்புவார்கள்.

கல்மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு பிரான்சைப் பற்றி எழுதுகிறீர்கள். நம் ஊரில் பார்க்க ஒன்றுமே இல்லையா, டீச்சர்?
– பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தபால் ஊழியர்

ஐயா, கேட்டதற்கு நன்றி. இதை எழுத எனக்கே ஆசை இருந்தது. எண்ணூரில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அதன் படுகையில் இருக்கிறது அத்திரம்பாக்கம். நம் வீடுகளிலிருந்து காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம். 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் பல்லாவரத்திலும், அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கே தொடங்கியது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளின் காலத்தைக் கணித்து, சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள். லாஸ்கோ ஓவியங்களின் வயது 17,000 ஆண்டு என்று மேலே எழுதியிருக்கிறேன். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெசேர் பள்ளத்தாக்கின் பதினைந்து இடங்களை 1979-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் வழிகாட்டி, பலகை, பள்ளிப் பிள்ளைகளின் வரிசை. கொசஸ்தலையின் கரையிலும் அவை எல்லாம் வர வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். அதுவரை நாமே போவோம். பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. பேரன் பேத்திகளை அழைத்துப்போய் அந்தக் கைக்கோடரிகளைக் காட்டுங்கள். பிரான்சுக்குப் போகிறவர்களும் முதலில் பூண்டிக்குப் போய்விட்டுப் போனால், லெசேசி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கும்போது கேட்பதற்கு அவர்களிடம் கேள்விகள் இருக்கும்.

கார் ஓட்டத் தெரியாது. ரயிலிலேயே எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?
– பெரம்பூர் வாசகர், ரயில்வே

பாதி முடியும். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கே மாறினால் சர்லாவுக்கு உள்ளூர் ரயில், ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். சென் தெமிலியோன் திராட்சைத் தோட்டங்கள், காஸ்தியோன், பெர்ஜராக் என்று ஆற்றை ஒட்டியே போகும் அருமையான பாதை. ரயில்காரரான நீங்கள் அதை ரசிப்பீர்கள். லெசேசிக்கும் நிலையம் உண்டு, லெ புய்சோனில் மாற வேண்டும். ஆனால் வண்டிகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. கோட்டைகளுக்குச் சர்லாவிலிருந்து எட்டுப் பேர் உட்காரும் சுற்றுலா வேன்களும் வாடகைச் சைக்கிளும் கிடைக்கின்றன. பழைய ரயில் பாதையின் மேல் சர்லாவிலிருந்து சூயக் பக்கம் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள், ஏற்றம் அதிகம் இருக்காது. கூட வருகிறவர் யாருக்காவது ஓட்டத் தெரியுமானால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வரச் சொல்லுங்கள்.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது?
– எண்ணூர் வாசகி

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். கோடைப் பயணம் என்றால் மூன்று மாதம் முன்பே நேரம் வாங்கிவிடுங்கள். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45, ஆறு வயதுக்குக் கீழே கட்டணமில்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டில் தங்கப் போகிறீர்களானால், அவர்கள் தங்கள் ஊர் நகர்மன்றத்தில் விண்ணப்பித்து வாங்கும் வரவேற்புச் சான்றின் அசலை அனுப்பச் சொல்லுங்கள். அது கைக்கு வந்து சேரவே சில வாரம் பிடிக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலி. வருடா வருடம் வேளாங்கண்ணிக்குப் போகிறவர். நீங்கள் எழுதியிருந்த ரோகமதூர் மாதாவைப் பார்க்க வேண்டும் என்கிறார். 216 படி ஏற அவரால் முடியாதே, டீச்சர்?
– ராயபுரம் வாசகர்

ஏற வேண்டியதில்லை, தம்பி. ரோகமதூர், சர்லாவிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணம். செங்குத்துப் பாறையில் அடுக்கடுக்காக அமைந்த ஊர்: கீழே தெரு, நடுவில் தேவாலயங்கள், உச்சியில் கோட்டை. கீழ்த் தெருவிலிருந்து தேவாலயங்களுக்குப் பாறையைக் குடைந்து லிப்ட் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து உச்சிக்கு இன்னொரு லிப்ட் சாய்வாக ஓடுகிறது. பழைய காலத்துப் பக்தர்கள் அந்தப் படிகளை முழங்காலால் ஏறினார்கள். இன்றும் நேர்ந்துகொண்டு அப்படி ஏறுகிறவர்கள் உண்டு. அம்மா பார்த்தால் தானும் ஏறுவேன் என்பார். நீங்கள் விடாதீர்கள்.

சிற்றாலயத்துக்குள் மரத்தில் செதுக்கிய கரிய மாதா சிறிய உருவமாக வீற்றிருக்கிறார். அம்மாவைத் தலை நிமிர்ந்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். கூரையிலிருந்து ஒரு பழைய இரும்பு மணி தொங்கும். கடலில் சிக்கிய மாலுமிகள் இந்த மாதாவை வேண்டிப் பிழைக்கும்போது அந்த மணி தானாகவே ஒலித்தது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. பிழைத்து வந்தவர்கள் காணிக்கையாகக் கொடுத்த சிறு கப்பல் உருவங்களும் அங்கே தொங்குகின்றன. கடல் அங்கிருந்து வெகு தொலைவு. ஆனாலும் பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரெத்தோன் கரை மாலுமிகள் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்கள். கட்டுமரத்தில் போனவர் திரும்பி வரும்வரை கண்விழித்திருந்த குடும்பத்தில் பிறந்த அம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

முற்பகல் பத்து மணிக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு பஸ்களில் கூட்டம் வந்து இறங்கும். ரயில் நிலையம் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, டாக்சியை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பதிராக் பெருங்குழி அங்கிருந்து பக்கம்தான். தரைக்கு நூறு மீட்டருக்குக் கீழே ஆறு ஓடுகிற, படகில் அழைத்துப் போகிற இடம். உள்ளே வழுக்கும் படிகள் அதிகம். அம்மாவை ரோகமதூரிலேயே நிழலில் உட்காரவைத்துத் துணைக்கு ஒருவரை விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் போய் வாருங்கள். அதற்கும் முன்பதிவு தேவை.